மாமா பண்ணின பெட்டி

எங்கள் வீட்டு பால்கனியில் அடுக்கியிருக்கும் பிளைவுட் பெட்டிகளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அடேயப்பா, மாமா பண்ணினதா?"

இல்லை. மாமி பண்ணினது, அதாவது நான். மாமாவுக்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் காலண்டர் மாட்டப் போய், காரையைப் பெயர்த்துவிட்டு, அந்த ஓட்டையை மறைக்க அதைவிடப் பெரிய காலண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். நல்ல மனுஷர், கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர், பேப்பரை விளம்பரம் உட்பட வாசிப்பார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நான் பிறந்தது மும்பை மாட்டுங்காவில், வாழ்க்கைப்பட்டது செம்பூரில். நடுவில் ஓர் எஞ்சினியரிங் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். மில்லிமீட்டரில் யோசிப்பது எனக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டது. ரிடையர் ஆனதும் எல்லோரும் ஸ்லோகம் சொல்லிக்கொள்ளப் போனார்கள். நான் புனேவுக்குப் போய்த் தேனீ வளர்க்கக் கற்றுக்கொண்டு வந்தேன். "இந்த வயசுல இது எதுக்கு?" என்று கேட்காத ஜீவன் கிடையாது. எந்த வயதில் கேட்டிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார்கள்!

கட்டடங்களில் எங்கேயாவது தேனீ கூடு கட்டிவிட்டால், மருந்தடித்துக் கொல்வதற்கு முன்னால் போய், உயிரோடு எடுத்து, பத்லாப்பூர் பக்கம் என் தோழிக்கு இருக்கும் சப்போட்டாத் தோட்டத்தில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அதற்குத்தான் இந்தக் குட்டிப் பெட்டி. நியூக்ளியஸ் பெட்டி என்பார்கள், எங்களுக்கு நியூக். கடையில் கிடைப்பது பெரிய பெட்டி. கொஞ்சம் தேனீக்களை அதில் விட்டால், அவ்வளவு இடத்தையும் சூடாக வைத்துக்கொள்ளவும் காவல் காக்கவும் அவற்றால் முடியாது. நம் நாட்டுத் தேனீக்கு ரோஷம் அதிகம், வீடு பிடிக்கவில்லை என்றால் ஒரே கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். அதனால் தேனடை கட்டுகிற மரச் சட்டம் நாலு மட்டும் தொங்குகிற மாதிரி, ஒடுக்கமாக, இருட்டாக, நாமே பிளைவுட்டில் பண்ணிக்கொள்ள வேண்டும். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே விடுகிற இடைவெளியில்தான் சூட்சுமம் எல்லாம். கொஞ்சம் அகலமானால் அங்கேயும் அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். கொஞ்சம் குறுகினால் தேனீ நுழைய முடியாது. இதையெல்லாம் நான் சொல்ல ஆரம்பித்தால், கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பி, "கை நிறைய வேலை மாமா உங்களுக்கு" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்ற மார்கழியில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக் கட்டடத்திலேயே தேனீ வந்து குடியேறியது. கீழ்த்தளத்து மீட்டர் ரூமில், யாரும் தொடாத பழைய மரப் பலகைக்குப் பின்னால். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை மாறாத புது அடைகள், ஆரோக்கியமான கூட்டம். அதே வாரத்தில் ஏதோ ஒரு குழந்தையின் கையில் ஒன்று கொட்டியும் வைத்தது. போதாதா? செக்ரெட்டரி கிளம்பிவிட்டார்.

செக்ரெட்டரி நம்மவர்தான், பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கார்த்தால பத்து மணிக்குப் பெஸ்ட் கண்ட்ரோல்காரன் வரான். கமிட்டி முடிவு பண்ணியாச்சு. மாமி கிட்ட நீங்கதான் சொல்லிப் புரிய வைக்கணும்."

"மாமி இங்கேதான் நிக்கறேன்," என்றேன்.

"இல்லே மாமி, உங்களுக்கு எதுக்கு சிரமம்னு..."

"எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஞாயித்துக்கிழமை அவன் வரதுக்கு முன்னாடி நான் எடுத்துடறேன். ஒரு தேனீ மிச்சம் இருந்தா அவன் அடிச்சுக்கட்டும்."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் பேப்பரைப் பார்த்தார். "சரி, மாமா பாத்துப்பார்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் ஞாயிறு பத்து மணிக்குள் அந்தக் கூட்டத்தை நான் வெளியே எடுக்காவிட்டால், அத்தனையும் செத்துக் குப்பையாகக் கூட்டித் தள்ளப்படும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கையில் இருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் பத்லாப்பூரில் தேனீ குடியிருந்தது. புதிதாக ஒன்று பண்ண வேண்டும். மறுநாளே தாராவிக்குப் போனேன். அங்கே எனக்குப் பிளைவுட் அறுத்துக் கொடுக்கிற பாய், திருநெல்வேலிக்காரர். வாய் ஜாஸ்தி, ஆனால் ரம்பம் நேராகப் போகும்.

"வாங்கக்கா, வாங்க. சார் அளவு எழுதிக் குடுத்து விட்டிருக்காவளா?"

"சாருக்கு இஞ்ச் டேப்பை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. அளவு என்னோடது. இந்தாங்கோ, படம்."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னக்கா இது, கோழிக்கூடா?"

"தேனீக்கு வீடு."

"தேனீக்கு வீடா! இங்க நாங்க ஒரு ரூம்ல அத்தன பேரும் காலை மடக்கிக்கிட்டுக் கெடக்கோம். நீங்க தேனீக்கு பிளாட் கட்டுதியளாக்கும்! அடுத்த பிறவியில தேனீயாப் பொறக்கணும் போல." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவர் உள்ளேயிருந்து ஒரு பலகையைத் தட்டிக் காட்டினார். "இது மருந்து ஊறின பிளை. கரையான் எட்டிக்கூடப் பாக்காது. சாருக்குப் புடிக்கும்லா, அவிய தான எப்பவும் நம்மகிட்டக் கரையான் மருந்து டப்பா வாங்கிட்டுப் போறாவ."

"வேண்டாம் பாய். சாதா பிளை. மருந்து வாடையே ஆகாது. கரையானைக் கொல்றது தேனீயையும் கொல்லும்."

அந்த டப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு தரைத்தளம். ஒரு நவராத்திரிக்குக் கொலுப்படியை எடுக்கப் போனபோது, மேல் படி என் கணவரின் கையோடு பொடியாக உதிர்ந்தது. கரையான் உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிட்டு வெளித்தோலை மட்டும் மரியாதைக்கு விட்டு வைத்திருந்தது. அன்றிலிருந்து இந்த மனுஷருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மரம் என்று எது வீட்டுக்குள் வந்தாலும், ஸ்டூலோ மணைப்பலகையோ சப்பாத்திக் கட்டையோ, உடனே டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கிவிடுவார். சப்பாத்திக் கட்டையை நான் பிடுங்கித் தூக்கி எறிந்தேன். செம்பூர், சுனாபட்டி, மாட்டுங்கா என்று எந்தப் பழைய கட்டடத்திலும் தரைத்தளத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பித்து கொஞ்சம் உண்டு. இவருக்கு முற்றிவிட்டது.

அதனால்தான் பெட்டி வேலையை ஆரம்பிக்கும்போதே சொன்னேன். "ஏன்னா, இதுல மட்டும் கை வெக்காதீங்கோ. கேட்டேளா?"

"ம்," என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

பெட்டி அழகாக வந்தது. மூலைகள் கறாராகச் சேர்ந்தன. ஒரு பக்கச் சுவரில் காற்றுக்குச் சின்ன ஓட்டை போட்டு, உள்பக்கம் வலை அடித்தேன். வாசல் ஒரு விரல் உயரம்கூட இல்லை, தேனீக்கு அவ்வளவு போதும். சட்டங்கள் நாலையும் தனியாகப் பண்ணிச் சமையலறை மேடையில் வைத்தேன். சனிக்கிழமை காலை பெட்டியை பால்கனியில் வைத்துவிட்டு, மாட்டுங்காவுக்கு வாழைநார் வாங்கப் போனேன். கூட்டிலிருந்து அறுத்தெடுக்கிற அடைகளைச் சட்டத்தில் வைத்துக் கட்ட வாழைநார் மாதிரி வேறெதுவும் கிடையாது. அடையைச் சட்டத்தோடு ஒட்டி முடித்ததும் தேனீக்களே நாரைக் கடித்து இழுத்து வெளியே போட்டுவிடும். பூக்கடைக்காரி சிரித்தாள். "பூ வேண்டாமா மாமி? வெறும் நாரா? சாமிக்கு நாரைச் சாத்தப் போறீங்களா?"

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாடை அடித்தது. கெரசின் மாதிரி, மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்குகிற வாடை. பால்கனிக்கு ஓடினேன்.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மடியில் பேப்பரை விரித்து, என் பெட்டியைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷோடு இருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"வந்துட்டியா? உனக்கு ஒரு வேலை மிச்சம். உள்ளே வெளியே ரெண்டு கோட் குடுத்தாச்சு. இனிமே ஒரு பூச்சி அண்டாது பார்."

"பூச்சியைக் குடிவெக்கத்தானே பெட்டியே பண்ணினேன்!"

பிரஷ் அப்படியே நின்றது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவருக்கு விளங்கியது. "துடைச்சுட்டா போயிடாதோ?" என்றார். துடைத்தால் போகிற மருந்தா அது! மரத்துக்குள் ஊறிப்போய் உட்காருவதற்கென்றே பண்ணின மருந்து. நான் கத்தினேன். சொல்வதற்கென்ன, நன்றாகவே கத்தினேன். என்ன வேண்டுமானாலும் சொன்னேன். கை வைக்காதே என்றால் 'ம்' என்று சொல்கிற வாய்க்கு அர்த்தம் என்ன என்று கேட்டேன். உதவி செய்கிறேன் என்று வருகிறவர்கள், செய்கிறவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

தாராவிக்குப் போன் பண்ணினேன். பாய் உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கோவண்டி போயிருந்தார், கடை பூட்டு. செக்ரெட்டரிக்குப் போன் பண்ணி, ஒரே ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டேன். "அவனுக்குச் சொல்லியாச்சே மாமி," என்றார். "போனை மாமா கிட்டக் குடுங்கோளேன்." குடுக்கவில்லை. வைத்துவிட்டேன்.

சமையலறையில் இருந்த சட்டங்கள் நாலும் தப்பித்திருந்தன. பெட்டிக்கு, மருந்து படாத மரம் இந்த வீட்டில் எது? அறை அறையாகப் பார்த்தேன். கட்டில், அலமாரி, கதவு, எல்லாம் அந்தப் பிரஷ் பட்டது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த என் டிராயிங் போர்டு. ரிடையர் ஆனபோது ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது, என் வேலைக்காலம் முழுக்க அதன் மேல்தான் குனிந்திருந்தேன். காகிதத்தில் எண்ணெய்க் கறை பிடிக்கும் என்று அதை மட்டும் அவர் தொடாமல் காப்பாற்றி வைத்திருந்தேன்.

அதை வெளியே இழுத்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. "அதையா? வேண்டாம்டி. அது உன்னோட..."

"வேற எது இருக்கு? சொல்லுங்கோ. இந்த வீட்டுல விஷம் படாத மரம் வேற எது இருக்கு?"

அவர் வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ரம்பத்தை வைக்கிறபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, கோபம்தான் வந்தது. காம்பஸ் முனை குத்திய புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றின் குறுக்கே அறுத்தேன். ஒரு மூலையில் ஆபீஸ் ஸ்டென்சிலில் கறுப்பு மையால் என் பெயர் இருந்தது. அந்தத் துண்டைப் பெட்டியின் முன்பக்கத்துக்கு, வாசலுக்கு மேலே வருகிற மாதிரி, பார்த்து எடுத்து வைத்தேன். இருக்கட்டுமே!

அறுக்கிற சத்தம் கேட்டு மேல் வீட்டு மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, இன்னிக்கு என்ன ரிப்பேர்?" என்றாள். ரம்பம் என் கையில் இருக்கிறது. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

ஞாயிறு, விடிந்தும் விடியாததுமாக மீட்டர் ரூமுக்குப் போனேன். தேனீ மேய்ச்சலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எடுத்தால்தான் எல்லாம் ஒன்றாக வரும். புடவை ஆகாது, மடிப்புக்குள் புகுந்துகொள்ளும். அவருடைய முழுக்கைச் சட்டை, அவருடைய பேண்ட், தலையில் வலைத்தொப்பி, கையுறை. அவர் தள்ளி நின்று டார்ச் பிடித்தார். பழைய பலகையைக் கழற்றி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, சட்டத்தில் வைத்து, நாரால் கட்டிப் பெட்டியில் தொங்கவிட்டேன். ராணியைப் பார்த்துவிட்டேன். நீளமாக, அவசரமே இல்லாமல் மூன்றாவது அடையில் நடந்துகொண்டிருந்தாள். அவள் உள்ளே போனதும், மிச்சம் இருந்ததெல்லாம் பெட்டி வாசலில் வரிசை கட்டி உள்ளே நடக்க ஆரம்பித்தது. எந்த ரோஷமும் காட்டவில்லை. என் டிராயிங் போர்டு அவற்றுக்குப் பிடித்துப் போயிற்று. எனக்கு அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல!

எல்லா ஜன்னலிலும் தலைகள் இருந்தன. யாரோ வீடியோ எடுத்தார்கள். பத்து மணிக்குப் பெஸ்ட் கண்ட்ரோல்காரன் டப்பாவோடு வந்து, "கிதர் ஹை?" என்று தேனீ இருக்கும் இடத்தைக் கேட்டான். வாசலில் வலை அடித்த பெட்டியோடு நாங்கள் டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தோம். பத்லாப்பூரில் சப்போட்டா மரத்தடியில் பெட்டியை வைத்து வலையை எடுத்ததும், முதல் தேனீ வெளியே வந்து, திரும்பி நின்று, என் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு வாசலை அடையாளம் பார்த்துக்கொண்டது.

வீடு திரும்புவதற்குள் சொசைட்டி வாட்ஸப்பில் வீடியோ வந்துவிட்டது. பேண்ட் சட்டை போட்டவர் ஆண்பிள்ளைதானே? வலைக்குள் முகம் எங்கே தெரிகிறது? டார்ச் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றவர் வீடியோவில் விழவும் இல்லை. "மாமாவுக்கு என்ன தைரியம்!" "ஹேட்ஸ் ஆஃப் சார்!" கும்பிடு, கைதட்டல், பூச்செண்டு. பெட்டியின் முன்பக்கத்தில் என் பெயர் கொட்டை எழுத்தில், வீடியோ முழுக்க, தெளிவாக இருக்கிறது. 'அது நான்' என்று எழுதிப் போட்டேன். 'மாமாவுக்கு ஏத்த மாமி' என்று பதில் வந்தது.

ஜனவரி இருபத்தாறு அன்று சொசைட்டியில் கொடியேற்றம். பிளாஸ்டிக் நாற்காலி, சமோசா, மைக். செக்ரெட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம சொசைட்டியில் உயிரைப் பணயம் வெச்சு தேனீயைக் காப்பாத்தின மாமாவுக்குச் சின்ன மரியாதை" என்றார். சால்வை, தேங்காய். என் கணவரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். சால்வையைப் போர்த்தினார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மைக்கைப் பிடுங்குவதாகத்தான் உத்தேசம்.

அதற்குள் அவரே மைக்கை வாங்கினார். அந்த மனுஷர் மைக்கில் பேசி நான் பார்த்ததில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"இது தப்பு," என்றார். "எல்லாம் அவதான் பண்ணினா. பெட்டி பண்ணினதும் அவ, தேனீயை எடுத்ததும் அவ. நான் பண்ணினது ஒண்ணே ஒண்ணுதான். முதல் பெட்டிக்குள்ள கரையான் மருந்து அடிச்சேன். அதுக்கா இந்தச் சால்வை?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செக்ரெட்டரி அவர் தோளைத் தட்டி, மைக்கில் சொன்னார்: "பாத்தேளா, என்ன அடக்கம்! என்ன ஹ்யூமர்! இந்தக் காலத்துல சம்சாரத்துக்கு இவ்வளவு விட்டுக் குடுக்கற ஆம்பளையை எங்கே பாக்க முடியும்?" கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. பக்கத்து நாற்காலிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வெச்சவ மாமி நீங்க," என்றாள். நின்றது நின்றபடி நின்றேன். உள்ளதை உள்ளபடி, சம்பந்தப்பட்டவரே, மைக்கில் சொல்லியாயிற்று. இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அவர் சால்வையை மடித்து என்னிடம் நீட்டினார். "நான் சொன்னேன், கேக்கலை," என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. விஷத்தை அடித்ததும் நீங்கள், உண்மையைச் சொல்லி அதற்கும் பேர் வாங்கினதும் நீங்கள் என்றேன். அவர் சால்வையைச் சோபாவில் வைத்துவிட்டு, காபி போடப் போனார்.

அடுத்த வாரம் செக்ரெட்டரி வந்தார். சொசைட்டி ஆபீஸில் கண்ணாடி அலமாரி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம், வருகிறவர்கள் பார்ப்பதற்காக. "மாமா கையால பண்ணின பெட்டி ஒண்ணு குடுத்தா, அதுல வெச்சுடலாம்."

நான் பால்கனிக்குப் போய், மூலையில் கவிழ்த்து வைத்திருந்த அந்த முதல் பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் வாங்கும்போதே மூக்கைச் சுளித்து, "ஏதோ வாடை அடிக்கறதே?" என்றார்.

"அதுதான் மாமா பண்ணினது," என்றேன்.

இன்றைக்கும் அது சொசைட்டி ஆபீஸில், கண்ணாடிக்குப் பின்னால், அவர் பெயர் எழுதிய அட்டையோடு இருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அலமாரியைத் திறந்தால் தலையை வலிக்கிறது என்று கிளார்க் சொல்கிறான். ஓர் எறும்புகூட அதன் பக்கம் போவதில்லை.